சிப்பிக்குத் தவறணை

எங்கள் கடை நெத்தலி மூட்டைக்குள் ஒரு வெள்ளைக்காரர் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

பின்கட்டில் உப்பு அளந்துகொண்டிருந்த நான், கடையில் திடீரென்று பேச்சு நின்றுபோனதைக் கேட்டுத்தான் முன்னால் வந்தேன். பதுளைக் கடைத்தெருவில் பேச்சு நிற்பதென்றால் அது பெரிய சங்கதி. வந்து பார்த்தால் முதலில் தெரிந்தது இரண்டு சப்பாத்துக் கால்கள். முழங்கால்கள் எங்கள் மண் தரையில் ஊன்றியிருந்தன. தொப்பி மிளகாய்ச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தது. கைகள் இரண்டும் முழங்கை வரைக்கும் கருவாட்டுக்குள். பக்கத்தில் அப்பா, தராசைத் தூக்கிப் பிடித்தபடி, அதை இறக்கி வைக்கவும் மறந்து நின்றார்.

"சுப்பையா, தொரை எதையோ தொலைச்சிட்டாரு போல. என்னான்னு கேளுடா," என்றார் மெல்ல.

துரை ஒன்றையும் தொலைக்கவில்லை. நிமிர்ந்தார். தாடியில் மீன் செதில். உள்ளங்கையில் என் சுண்டுவிரல் நகத்தளவு சிப்பி ஒன்று, ஒரு பக்கம் நேராக வெட்டிவிட்டது போல. அதை அவர் பார்த்த பார்வையை, தீபாவளிக்கு முதல் நாள் பட்டாசுக் கட்டைப் பார்க்கும் பிள்ளைகளிடம்தான் கண்டிருக்கிறேன்.

இந்தத் தொடரை வாரந்தோறும் வாசிப்பவர்களில் சிலர் என்னை நேரில் பிடித்துக் கேட்டுவிட்டார்கள். "கடல், பார், முத்து, திருக்கை என்று அளக்கிறீரே, நீர் பதுளைக்காரர் என்றும் சொல்கிறீர். மலை உச்சியில் பிறந்தவனுக்குச் சிப்பியோடு என்ன சம்பந்தம்?" சம்பந்தம் அந்த நெத்தலி மூட்டைதான். அதை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

மூட்டைக்குள் வந்த கடல்

ரயில் பண்டாரவளையோடு நின்றுவிட்ட காலம். அதற்கு மேல் எல்லாம் மாட்டு வண்டிதான். எங்கள் கடைக்கு உப்பும் கருவாடும் அம்பாந்தோட்டையிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வரும். மலை ஏறுவதற்குள் பாதி மழை அந்தச் சாக்கில் இறங்கியிருக்கும். அவிழ்த்துக் கொட்டினால் கடைத்தெருப் பூனைகளெல்லாம் வாசலில் பெரட்டுக்கு நிற்கும். பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. எங்கள் பூனைகளை அப்படிக் கூப்பிடவே வேண்டியதில்லை.

நெத்தலியைப் புடைத்தால் அடியில் ஒரு தனி உலகம் மிஞ்சும். காய்ந்த கடற்குதிரை, நண்டுக் குஞ்சு, சங்கு, விதம்விதமான சிப்பி. கடைப் பையன்கள் அதை வாரித் தெருவில் கொட்டுவார்கள். நான் வாரி டின்னில் போடுவேன். நிறம் பார்த்து ஒரு டின், வரி பார்த்து ஒரு டின், ஓரத்தில் காது மாதிரி நீட்டம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து ஒன்று. இருபது வயது தாண்டி, மீசையும் வந்த பிறகும் இதே வேலை. கடைக்கு வரும் தோட்டத்துச் சனங்கள் எனக்கு வைத்த பெயர் 'சிப்பி மொதலாளி'. அப்பாவுக்கு அது பிடிக்காது. "கருவாடு விக்கிறவன்னா பேரு கெட்டுப்போயிடும்னு பாத்தா, இது அதைவிட மோசமா இருக்கே," என்பார்.

துரை கையிலிருந்த சிப்பியைப் பார்த்ததும் நான் உள்ளே ஓடி டின்களை அள்ளிக்கொண்டு வந்தேன். பிஸ்கட் டின், தேயிலை டின், ஊறுகாய் டின். ஒவ்வொன்றாக மூடியைத் திறந்தேன். துரை தரையிலேயே சப்பணம் கட்டி உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். அப்பா மட்டும் நின்றார், தராசோடு.

டின் இங்கிலீஷ்

என் இங்கிலீஷ் முழுவதும் அந்த டின்களின் மேல் எழுதியிருந்ததுதான். ஒரு துரை ஊருக்குப் போகும்போது அவர் சாமான்களை ஏலம் போட்டார்கள். அதில் அட்டை கிழிந்த சிப்பிப் புத்தகம் ஒன்று, ஒரு வாளிக்குள் சும்மா சேர்ந்து வந்தது. வாளியை அப்பா எடுத்துக்கொண்டார், புத்தகத்தை நான் எடுத்துக்கொண்டேன். எழுத்துக் கூட்டி வாசிப்பேன். யாராவது பேசினால் ஒன்றும் விளங்காது.

துரை டின்களைக் காட்டி ஏதோ கேட்டார். எப்படிப் பத்திரப்படுத்துகிறாய் என்று கேட்கிறாராக்கும் என்று நினைத்து, பிஸ்கட் டின்னில் இருந்ததை அப்படியே சொன்னேன்: "கீப் இன் எ கூல் டிரை பிளேஸ்."

அவர் கேட்டதும் அதையேதான் போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது. இவனுக்கு நல்ல இங்கிலீஷ் வரும் என்று எண்ணி, வேகமாக, நெடுநேரம் பேசினார். நான் "எஸ், எஸ்" என்று தலையாட்டினேன். கடைசியில் எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, தாடியில் செதிலோடேயே போனார்.

என்னத்துக்கு 'எஸ்' சொன்னேன் என்று, அவரோடு வந்திருந்த பங்களாச் சமையற்காரர்தான் விளக்கினார். இவர் கடலில் சிப்பி ஆராய்ச்சி செய்கிற டாக்டர். வடக்குக் கரையில் முத்துச் சிப்பி ஏன் வருகிறது, ஏன் காணாமல் போகிறது என்று பார்க்க அரசாங்கம் வைத்திருக்கிறது. காய்ச்சல் கண்டு, காற்று மாற்றத்துக்காகப் பசறை ரோட்டில் தோட்டத் துரையாக இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்திருக்கிறார். கடலோரத்தில் அவருக்கு ஒரு உதவியாள் வேண்டும். சின்னச் சின்னச் சிப்பியைப் பிரித்துப் பார்க்கிற கண் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பங்களாவுக்கு வரச் சொல்கிறார். அரசாங்க வேலை என்பதால், கச்சேரி ஆபீசிலிருந்து மொழிபெயர்ப்பு முதலியாரும் வருவார்.

"நீங்க சரின்னுட்டீங்க," என்றார் சமையற்காரர்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கு உப்பு கேட்டவர்களுக்குச் சீனியைக் கட்டிக் கொடுத்தேன்.

கடலா, குடலா

அப்பா தராசை இறக்கி வைத்தார்.

"கடலுக்கா? அனுப்ப மாட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். அப்பா ராமநாதபுரச் சீமையிலிருந்து சின்ன வயசில் தோணியேறி வந்தவர். நடுக்கடலில் புயல் பிடித்து, பக்கத்தில் இருந்த சாமான் மூட்டையையே கட்டிக்கொண்டு விடியும்வரை கிடந்தவர். கரையேறியதும், இனி இந்தத் தண்ணீரைக் கண்ணாலும் பார்ப்பதில்லை என்று முருகனுக்குக் காசு முடிந்து வைத்தார். அதனால்தான், கடலுக்கு எட்டாத ஊர் எது என்று விசாரித்து விசாரித்து பதுளைக்கு வந்து கடை போட்டார் என்று அம்மா சொல்வாள்.

கடல் எப்படி இருக்கும் என்று நான் பலரிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். தோட்டத்துச் சனங்களில் வயதானவர்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தானே வந்தவர்கள். கொழுந்து பறிக்கும் மீனாட்சியக்கா வாரம் ஒரு முறை அரிசி வாங்க வரும். அது சொன்னதை இன்றைக்கும் என் சக ஆராய்ச்சிக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பேன்.

"கடலா? அதை ஏன் கேக்குறீங்க சின்ன மொதலாளி. ஏறினதுலேருந்து எறங்குற வரைக்கும் நான் பாத்தது கடலை இல்ல, என் கொடலைத்தான்."

அப்பா அதைக் கேட்டு ஆமோதித்துத் தலையாட்டியதும் ஞாபகம் இருக்கிறது.

ஆக, எனக்கு முன்னால் இரண்டு கதவுகள். ஒன்றை டாக்டர் துரை திறக்க வேண்டும். மற்றதை அப்பா திறக்க வேண்டும். வேலை கிடைத்தாலும், அவர் 'போ' என்று வாயால் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. அவர் சொல்லமாட்டார் என்பதும் தெரியும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை விடியவே குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, பசறை ரோட்டில் நடந்தேன். "சும்மா பேசிட்டு வர்றேங்கப்பா," என்றேன். "பேசு. பேச்சுல தண்ணி இல்ல," என்றார்.

முதலியார் வந்தார்

பங்களா விறாந்தையில் டாக்டர் துரையும் முதலியாரும் உட்கார்ந்திருந்தார்கள். தோட்டத் துரை, ஸ்டோர் என்கிற தேயிலை ஆலைக்குப் போயிருந்தார். முதலியார் யாழ்ப்பாணத்துப் பெரிய மனிதர். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, தலைப்பாகை, மடியில் படுக்க வைத்த குடை. பதுளையிலிருந்து ஒற்றை மாட்டு வண்டியில் வந்திருந்தார். வண்டிக்காரனும் அவர் ஊர் ஆள்தான். கீழே பலாமரத்தடியில் மாட்டை அவிழ்த்துப் போட்டிருந்தான்.

"தம்பி, கடலைக் கண்டிருக்கிறியோ?"

"இல்லைங்கய்யா."

"ஒருக்காலும்?"

"மூட்டையில வந்ததுதாங்கய்யா பாத்திருக்கேன்."

அவர் அதை மொழிபெயர்த்தார். டாக்டர் துரை சிரித்தார். நல்ல சிரிப்புத்தான். பிறகு முன்னால் சாய்ந்து, நீளமாக ஒன்று கேட்டார். முதலியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"துரை கேக்கிறார். கடலுக்கு அடியிலே கல்லுத்தரையா இருக்கும், அதைத்தான் பார் எண்டுறது. அதிலே பெரிய பார் எண்டு ஒண்டு. வருசா வருசம் அதிலே கணக்கில்லாமல் சிப்பிக் குஞ்சு வந்து ஒட்டுது. தென்மேல் காத்து எழும்பினால் ஒண்டும் மிஞ்சாது. அலை அடிச்சுக்கொண்டு போகும், இல்லாட்டி மண் மூடிப்போடும். நீயெண்டால் என்ன செய்வாய்? யோசிச்சுச் சொல்லு. சரி பிழை இல்லை. நீ எப்பிடி யோசிக்கிறாய் எண்டுதான் துரைக்குத் தெரிய வேணும்."

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அரிசி வண்டியோடு தோட்டம் தோட்டமாக அலைந்தவன் நான். காற்றுக்கும் வெயிலுக்கும் தாங்காத பிஞ்சுகளை என்ன செய்வார்கள் என்று மலைநாட்டில் பிறந்த எவனுக்கும் தெரியும்.

"தவறணை போடலாங்கய்யா," என்றேன்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். எங்கள் மலைப்பக்கத்தில் தவறணை என்றால், தேயிலை விதை போட்டு நாற்று வளர்க்கும் இடம். பாத்தி கட்டி, மேலே பந்தல் போட்டு, பிள்ளை மாதிரி வளர்த்து, பிறகு மலைக்குக் கொண்டுபோய் நடுவார்கள். வடக்கே, முதலியார் ஊரில், தவறணை என்றால் கள் விற்கும் கடை. இரண்டு பேருக்கும் அன்றைக்குத் தங்கள் அர்த்தம் மட்டும்தான் தெரியும்.

தண்ணி அளவாத்தான்

முதலியாரின் மடியிலிருந்த குடை கீழே விழுந்தது.

"என்ன சொன்னனீ?"

"தவறணைங்கய்யா. சிப்பிக்கு."

"சிப்பிக்கோ?"

"ஆமாங்கய்யா. பெருசுகளுக்கு வேணாம். சின்னதுகளுக்குத்தான்."

முதலியார் என்னை மேலும் கீழும் பார்த்தார். கடமை தவறாத மனிதர். சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பது அவர் தொழில். துரை பக்கம் திரும்பி, தன் வாய்க்குச் சம்பந்தமில்லாதது போல் சொன்னார். அதில் 'டேவர்ன்' என்று ஒரு சொல் வந்தது.

எனக்கு ஒரே சந்தோஷம். பாருங்கள், இங்கிலீஷிலும் நம்ம தவறணையைக் கிட்டத்தட்ட அப்படியேதான் சொல்கிறார்கள். "எஸ் துரை, டேவர்ன்," என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

டாக்டர் துரையின் புருவம் நெற்றிக்கு ஏறியது. அங்கே என்ன நடக்கும் என்று கேட்கச் சொன்னார்.

"அங்கை என்னடா குடுக்கிறது?" என்றார் முதலியார். 'தம்பி' போய்விட்டதை நான் கவனித்தேன்.

"தண்ணிதாங்கய்யா. ஆனா அளவாத்தான் ஊத்தணும். கொறைஞ்சா வாடிரும். கூடிப்போனா சாஞ்சிரும்."

"அது தெரியும்," என்றார் முதலியார். "எவ்வளவு காலத்துக்கு?"

"பொறந்ததுலேருந்து ஒரு வருசமாச்சும் உள்ள இருக்கணுங்க. வெயில் படாம மேல தழை போட்டுறணும். நல்லாத் தேறின பெறகு, மழை நாளாப் பாத்து வெளியில விட்டா, எந்தக் காத்தும் ஒண்ணும் பண்ணாது."

"பிறந்ததிலை இருந்து."

"ஆமாங்கய்யா. கூட ஒரு கங்காணி இருந்தாப் போதும். ஆடு மாடு வந்து வாய் வைக்காமப் பாத்துக்குவாரு."

முதலியார் கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். மொழிபெயர்த்தார். டாக்டர் துரை வாயைக் கையால் பொத்திக்கொண்டு ஏதோ கேட்டார். அவர் தோள் குலுங்கியது. காய்ச்சல் நடுக்கம் என்று நினைத்தேன்.

"உங்கட ஊரிலே இப்பிடியொரு வழக்கம் இருக்கோ எண்டு கேக்கிறார்."

"என்னங்கய்யா இப்படிக் கேக்குறீங்க? தோட்டத்துக்குத் தோட்டம் இருக்குங்களே. தொரைமாருங்களே போட்டிருக்காங்க. இந்தத் தோட்டத்துத் தொரைகூட, காலையில பெரட்டு முடிஞ்சா ஸ்டோருக்குப் போறதுக்கு முன்ன நேரா அங்கதான் போவாரு. ஒரு நாள் தவற மாட்டாரு. குனிஞ்சு ஒவ்வொண்ணாத் தொட்டுப் பாத்துட்டுத்தான் வருவாரு."

இதை மொழிபெயர்க்க முதலியாருக்கு மனம் வரவில்லை. ஆனாலும் மொழிபெயர்த்தார், விறாந்தைத் தூணைப் பார்த்துக்கொண்டு. டாக்டர் துரை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். தன் தம்பியைப் பற்றி ஊருக்கெல்லாம் தெரிந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அந்த நிமிஷம் நினைத்ததாகப் பிற்காலத்தில் அவர் என்னிடம் சொன்னார்.

முதலியார் எழுந்துவிட்டார். படியோரம் போய் வண்டிக்காரனைக் கூப்பிட்டார்.

"மாட்டைப் பூட்டடா, போவம். உவருக்குச் சிப்பி வேலை வேண்டாமாம். தவறணை போட வேணுமாம். குஞ்சு குருமானுக்கெல்லாம் வாத்துக் குடுக்க வேணுமாம்."

எனக்கு எதுவும் புரியவில்லை. ஒன்று மட்டும் புரிந்தது. முதல் கதவு மூடப்போகிறது. ஏன் என்றுதான் தெரியவில்லை. சொன்னதில் பிழை எங்கே? தண்ணீர் அளவில் தவறு சொல்லிவிட்டேனா?

பெரணிப் பந்தலுக்குக் கீழே

அந்த நேரம் தோட்டத் துரை ஸ்டோரிலிருந்து வந்தார், புருவத்தில் தேயிலைத் தூளோடு. அண்ணன் அவரிடம் ஏதோ மிகவும் தணிந்த குரலில் கேட்டார். தம்பி ஒன்றும் விளங்காமல் விழித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். தோட்டத் துரைமார் பேசும் தமிழ் தனி ரகம். அதில் எல்லோருக்கும் ஒரே மரியாதைதான்.

"நீ என்ன சொல்லு?"

"தவறணைங்க தொரை. சிப்பிக் குஞ்சுக்குத் தவறணை போடலாம்னு சொன்னேன்."

தோட்டத் துரை படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் எழும்பவில்லை. அவர் சிரித்த சிரிப்பில் பங்களா நாய் எழுந்து நின்று குரைத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முதலியார், நீ வா. அண்ணன், நீ வா. கள்ளு இல்லை. தேயிலைப் பிள்ளை இருக்கு. நல்ல பிள்ளை. நான் காட்டு," என்று முன்னால் இறங்கினார்.

பங்களாவுக்குக் கீழே ஓடைக்கரையில் இருந்தது தவறணை. கம்பு நட்டு, மேலே பெரணித் தழை பரப்பியிருந்தார்கள். தழை காய்ந்த வாசனையும் ஈரமண் வாசனையும் சேர்ந்து அடித்தன. உள்ளே வெயில் சல்லடையில் அரித்தது போல் விழுந்தது. பாத்தி பாத்தியாக, விரல் நீள நாற்றுகள், இரண்டிரண்டு இலையோடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

டாக்டர் துரை பந்தலுக்குள் குனிந்து போனார். தம்பி ஒரு நாற்றை வேரோடும் மண்ணோடும் கிளப்பிக் கொடுத்தார். அதைக் கையில் ஏந்தியபடி டாக்டர் துரை பேச ஆரம்பித்தார். பேச்சு வரவர வேகமாயிற்று. முதலியார் மூச்சு வாங்கினார்.

"சிப்பிக் குஞ்சு ஒட்டின கல்லோடையே தூக்கிக்கொண்டு போய், அலை குறைஞ்ச பாரிலே இறக்கலாமெண்டு இவர் முந்தியே நினைச்சவராம். கொழும்பிலே இருக்கிற பெரியவைக்கு அதை விளங்கப்படுத்தத்தான் ஏலாமல் கிடந்ததாம். அவையிலே அரைவாசிப் பேருக்குத் தேயிலைத் தோட்டம் இருக்காம். இப்ப ஒரு சொல்லிலே விளங்கப்படுத்திப்போடலாமாம்."

பிறகு முதலியார் என் காதருகே குனிந்தார். "தம்பி," என்றார். தம்பி திரும்பி வந்துவிட்டது. "எங்கட பக்கத்திலே தவறணை எண்டால் கள்ளு விக்கிற இடம்."

நான் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக மனசில் திருப்பிப் பார்த்தேன். சின்னதுகளுக்குத்தான். அளவாத்தான் ஊத்தணும். பொறந்ததுலேருந்து. தோட்டத் துரை தினம் காலையில். கடைசியில் அங்கேயே, நாற்றுகளுக்கு நடுவே, முதலியாரின் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவரும் சிரித்தார், வாயைத் தலைப்பாகை நுனியால் மூடிக்கொண்டு.

"வேலைங்கய்யா?" என்றேன் சிரிப்பு அடங்கியதும்.

"அதை உனக்குச் சொல்ல மறந்துபோனம். எப்ப வாறாய் எண்டுதான் துரை கேக்கிறார்."

(கடலில் நாங்கள் போட்ட அந்தத் தவறணையின் கதை தனிக் கதை. முதல் வருஷத்துப் பிஞ்சுகளைத் திருக்கை மீன்கள் பந்தி போட்டுத் தின்றுவிட்டுப் போயின. பிறகு கூடை கட்டினோம், வேலி கட்டினோம். என் உத்தியோக காலம் முழுவதும், சுருக்கமாகச் சொன்னால், திருக்கைக்கும் எனக்கும் நடந்த வழக்குத்தான்.)

பசறை ரோட்டில்

முதலியார் வண்டி முன்னால் போய்விட்டது. டாக்டர் துரை எனக்குப் பூதக்கண்ணாடியில் ஒரு சிப்பிக் குஞ்சைக் காட்டிவிட்டுத்தான் விட்டார். அது தன் ஒற்றைக் காலை வெளியே நீட்டியபடியே மருந்தில் உறைந்திருந்தது. சிப்பிக்குக் கால் உண்டு என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ரோடு முழுக்க எனக்கும் அந்த ஒரு கால்தான் இருந்தது போல, தாவித் தாவிப் போனேன். எதிரே வந்த மீனாட்சியக்காவிடம் சொன்னேன்.

"அக்கா, வேலை கெடைச்சிருச்சு. கடலுக்குள்ள தவறணை போடப்போறோம்."

"அப்ப கடலுக்குள்ளயும் கொழுந்தெடுக்க எங்களைத்தான் கூப்புடுவாங்களா?" என்றது அக்கா. "நான் வரமாட்டேன் சாமி. கூடையிலயே வாந்தி எடுத்துருவேன்."

முன்னால் போன முதலியாரின் வண்டிக்காரனை நான் மறந்துபோனேன். தவறணைக்கு அவன் இறங்கி வரவில்லை. முதலியார் படியோரம் கத்தியது மட்டும்தான் அவன் காதில் விழுந்தது. திரும்பும் வழியில் 'பொடியனுக்கு உத்தியோகம் கிடைச்சிட்டுது' என்று முதலியார் சொன்னதையும் கேட்டான். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டான். பதுளை வந்ததும், எங்கள் கடைக்கு எதிரே வண்டிப் பேட்டையில் அவிழ்த்துவிட்டான், தவறணை என்றால் கள்ளுக்கடை என்ற விளக்கத்தோடு.

வெறும் கடல்

நான் தெருவுக்குள் வந்தபோது எங்கள் கடைப் பலகை பாதி போட்டிருந்தது. பட்டப்பகலில். வாசலில் சனம். அப்பா நடுவில் மரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்திருந்தது. அப்பா கிருத்திகைக்கு விரதம் இருப்பவர். கள்ளுக்கடை இருக்கும் சந்து வழியாகக்கூட நடக்க மாட்டார்.

"எந்த ஊர்லடா கள்ளுக்கடை?" என்றார்.

"கள்ளுக்கடையா?"

"அரசாங்கமே உனக்குப் போட்டுக் குடுக்குதாமே. சின்னப் புள்ளைங்களுக்கு ஊத்திக் குடுக்கிறதாமே. ஊரே சொல்லுது. உங்கம்மா உள்ள அழுதுக்கிட்டிருக்கா."

"அப்பா, அது கடலுக்குள்ளங்கப்பா."

"கடலுக்குள்ள கள்ளுக்கடையா?"

கூட்டத்தில் யாரோ, "மீனுக்கு ஊத்துவாங்க போல," என்றார். அப்பா அவரைத் திரும்பிப் பார்த்தார்.

நான் அவர் முன்னால் குந்தினேன். முதலிலிருந்து சொன்னேன். நம்ம தவறணை, முதலியார் ஊர்த் தவறணை, நாற்று, சிப்பிக் குஞ்சு, எல்லாம். அப்பா ஒவ்வொன்றாக இறக்கி வைத்து எடை பார்ப்பது போலக் கேட்டார்.

"அப்ப கள்ளு இல்ல."

"இல்லைங்கப்பா."

"சாராயம்?"

"அதுவும் இல்லைங்க."

"யாருக்கும் ஒண்ணும் ஊத்த வேண்டியதில்ல."

"இல்லைங்கப்பா. கல்லுல ஒட்டியிருக்கிற சிப்பியை எடுத்து வேற கல்லுக்கு மாத்துறது. அவ்வளவுதான்."

"அப்ப வெறும் கடல்."

"வெறும் கடல்தாங்கப்பா."

அப்பா விட்ட மூச்சு எதிர்க்கடை வரைக்கும் கேட்டிருக்கும். எழுந்து கூட்டத்தைப் பார்த்தார். தோளில் கிடந்த துண்டை உதறிப் போட்டார்.

"கேட்டுக்கங்க. எம்மகன் கடலுக்குப் போறான். வெறும் தண்ணிக்கு. இதுக்குப் போயி என்னென்ன சொல்லிட்டீங்க. நீ போடா. தைரியமாப் போ."

எல்லோருக்கும் கற்கண்டு அள்ளிக் கொடுத்தார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அழுததற்கும் சேர்த்துச் சிரித்தாள். முதலியாரின் வண்டிக்காரனும் இரண்டு கையும் நீட்டி வாங்கி, ஒன்றை வாயில் போட்டு ஒதுக்கிக்கொண்டு, "அப்ப முதலாளி, தவறணை எப்ப துறக்கிறியள்?" என்றான்.

அடுத்த நாள் காலை பலகையைக் கழற்றும்போதுதான் அப்பாவுக்கு, தான் எதற்குச் சரி சொன்னோம் என்று உறைத்தது. ஒரு பலகையைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"சுப்பையா, அதைக் கரையிலேருந்தே செய்ய முடியாதா?"

"முடியாதுங்கப்பா. தோணியில போகணும்."

"ஆழமா இருக்குமோ?"

"ஆழந்தாங்கப்பா."

பலகையைச் சுவரில் சாய்த்தார். தெருவைப் பார்த்தார். நேற்றுக் கற்கண்டு வாங்கிய அத்தனை பேரும் அங்கேதான் இருந்தார்கள். கடையை அம்மாவிடம் விட்டுவிட்டு, "வா," என்று நடந்தார். பதுளை ஓயா ஆற்றுக்கு.

அங்கே, துவைக்கிற பெண்களெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார். கண்ணை மூடிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார். முழங்கால், தொடை, இடுப்பு. நின்று, என்னையும் வரச்சொல்லி, என் வயிற்றுக்குக் கீழே இரண்டு கையையும் கொடுத்துத் தாங்கினார். அவருக்கும் நீந்தத் தெரியாது, எனக்கும் தெரியாது. அவர் கைகள் நடுங்கியதில் நான் மிதந்தேனோ, ஆற்றில் மிதந்தேனோ, தெரியவில்லை.

"கையைக் காலை ஆட்டுடா."

ஆட்டினேன். ஆற்றுத் தண்ணீர் பாதி மூக்கில் போயிற்று. சிரிப்பு வந்ததில் மீதியும் போயிற்று.

கரையிலிருந்து ஒருத்தி கூப்பிட்டாள். "மொதலாளி, நீங்க அவரைப் புடிச்சிருக்கீங்களா, அவரு உங்களைப் புடிச்சிருக்காரா?"

அப்பா கண்ணைத் திறக்கவே இல்லை.

"தெரியல தாயி," என்றார். "விட்டாத்தான் தெரியும். விடமாட்டேன்."